கொல்லா நோன்பும் வீட்டுப் பூனையும்



தசலட்சணப் பருவத்தின் முதல் நாள். மேலான பொறுமையாகிய உத்தம க்ஷமையைப் போற்றும் நன்னாள். ஜினாலயத்தில் அபிடேகம் கண்டு, பூசனை முடித்து இல்லம் திரும்பினோம். முற்றத்தில் கால் வைத்தபோதே ஒரு கீச்சொலி கேட்டது. நம் வீட்டுப் பூனை ஓர் அணில் குஞ்சை வாயில் கவ்வியபடி தாழ்வாரத்தின் வழியே உள்ளே வந்து, பூசை அறையின் வாயிலில் அதனைக் கீழே விட்டது.

அணில் இறக்கவில்லை. எழுந்து ஓடியது. பூனை முன்காலால் தட்டி வீழ்த்தியது, விட்டது, மீண்டும் பிடித்தது. குழந்தைகள் அழுதனர். இளைஞர் ஒருவர் துடைப்பத்தை ஓங்கினார். வீட்டுப் பெரியவராகிய பாட்டியார் மட்டும், "அதை அடிக்காதேயப்பா! முதலில் கூடையை எடுத்து அணிலை மூடு" என்றார். அவ்வாறே அணில் கூடையின் கீழ் காக்கப்பட்டது. பூனை அடுக்களையில் அடைக்கப்பட்டது. ஆயினும் அதன் கழுத்தில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. பாட்டியார் அருகில் அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார். பொழுது சாயுமுன் அச்சிற்றுயிர் பிரிந்தது.

அன்றிரவு வீட்டுச் சிறுமி ஒரு வினா எழுப்பினாள். "அணிலைக் கொன்ற பாவம் பூனைக்கா, நமக்கா?" பொறுமையின் பெருமையைக் காலையில் கேட்டு வந்த பெரியவர்கள் ஒருவரும் உடனே விடை கூறவில்லை. பூனை வளர்க்கும் நம் சமூகத்தார் இல்லங்கள் பலவற்றில் இவ்வினா எழாமல் இராது. ஆதலின் அதனை இங்கு ஆராய விழைகின்றோம்.

பூனையின் இயல்பு

முதலில் பூனையை அறிந்துகொள்வோம். ஊன் உண்டே வாழும் வகையில் அமைந்த உடம்பு அதனுடையது. டாரின் என்னும் சத்துப்பொருள் பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாதது. மனித உடம்பு அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடம்போ தேவையான அளவு ஆக்க வல்லதன்று. ஊனில் உள்ள அப்பொருள் பயிர் உணவில் இல்லை. அது குறைந்தால் நாளடைவில் பார்வை மங்கும்; இதயம் தளரும். தயிர்ச் சோறும் பாலும் மட்டும் இட்டு வளர்த்துவிட்டு, "எங்கள் பூனை சைவப் பூனை" என்று மகிழ்வது அறியாமை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை.

இரண்டாவதாக, பசி நீங்கினாலும் பூனையின் வேட்டை நீங்குவதில்லை. அசைவதைக் கண்டால் பாய்வது அதன் பிறவிக் குணம். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் அவ்வேட்கை மிகும். பிடித்ததை வீட்டுக்குள் கொண்டுவருவது நமக்குக் காணிக்கை அளிப்பதற்காக என்று சிலர் வேடிக்கையாகக் கூறுவர். அது நம் கற்பனையே. தான் அச்சமின்றி இருக்கும் இடத்திற்கு இரையைக் கொண்டுவருவது அதன் வழக்கம். குட்டி ஈன்ற தாய்ப் பூனையோ, குட்டிகளைப் பழக்கும் பொருட்டு உயிருள்ள இரையையே கொண்டுவரும்.

அங்ஙனமாயின் பூனைக்கு வினையே இல்லையா? இல்லை என்று ஆகமம் கூறவில்லை. வெகுளியும் வேட்கையும் கொண்டு செயற்படும் எவ்வுயிரும் வினையைக் கட்டிக்கொள்கிறது. விலங்கு கதியில் பிறந்த உயிர் தன் பழவினையால் அவ்வுடம்பைப் பெற்று, அவ்வுடம்பின் வேட்கையால் மேலும் வினையை ஈட்டுகின்றது. அதனால் அது நம் சினத்துக்குரியது அன்று, இரக்கத்துக்குரியது. பகவான் மகாவீரரின் ஆன்மாவே முற்பிறவி ஒன்றில் சிங்கமாகப் பிறந்து மானைக் கொன்று உண்டது என்றும், சாரண முனிவர் இருவர் அருளிய அறவுரையால் நற்காட்சி பெற்று, விரதம் ஏற்று, ஊன் துறந்து உயிர் நீத்தது என்றும் புராணம் கூறுகின்றது. வேட்டை விலங்கினுள் உறைவதும் சித்தராகும் தகுதியுடைய ஓர் ஆன்மாவே என்பது இதன் பொருள்.

யசோதர காவியத்தையும் இங்கு நினைவுகூர்தல் தகும். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட தீவினையால் யசோதரன் மயிலாகவும் அவன் தாய் சந்திரமதி நாயாகவும் பிறந்தனர். தாயாகிய நாய் மகனாகிய மயிலைக் கடித்துக் கொன்றது. கொன்றதும் அறியவில்லை, இறந்ததும் அறியவில்லை. நம் தாழ்வாரத்தில் பூனையும் அணிலுமாக நின்ற இரண்டும் முன்பு எவ்வுறவினரோ, யார் அறிவார்?

நம் பங்கு

இனி நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். அப்பூனை நம் இல்லத்துக்குத் தானே வந்ததன்று. நாமே கொண்டுவந்தோம். கூடத்தில் அடுக்கிய நெல் மூட்டைகளை எலிகள் கடித்துப் பாழாக்கின. "நஞ்சு வைத்தால் கொலை, பூனை வளர்த்தால் அதன் இயல்பு" என்று எண்ணி, அடுத்த தெருவிலிருந்து குட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தோம். அது முதல் எலியைப் பிடித்த நாளில் "நல்ல பூனை" என்று மெச்சி, ஒரு கிண்ணம் பால் கூடுதலாக வார்த்தோம்.

தீவினை மூன்று வழியில் நம்மைச் சேரும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்பட்டு மகிழ்தல். எலிகளின் பொருட்டுப் பூனையை வளர்த்தது செய்வித்தல். மெச்சிப் பால் வார்த்தது உடன்பட்டு மகிழ்தல். கையில் குருதி படவில்லை என்பதனால் கணக்கு நேராகிவிடாது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பயனின்றித் தீமை விளைக்கும் செயல்களை அனர்த்த தண்டம் என்று வகுத்து, அவற்றினின்று விலகுதலை இல்லறத்தார்க்கு ஒரு விரதமாகவே வைத்தனர். அவற்றுள் ஒன்று கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலும் வைத்திருத்தலுமாகிய ஹிம்சாதானம். சுவாமி கார்த்திகேயர் தம் அனுப்பிரேட்சை நூலில், ஆயுதம் விற்பதோடு சேர்த்துப் பூனை முதலிய கொல்லும் விலங்குகளை வளர்ப்பதையும் இவ்வகையுள் வைத்துக் கூறுகின்றார். வாளும் பூனையும் ஓரிடத்தில் எண்ணப்படுவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், எலியைக் கொல்வதற்கென்றே பூனையை வைத்திருப்பவனுக்குப் பூனை கருவியே அன்றோ?

மற்றொன்றும் நம்மை உறுத்துகின்றது. ஓராண்டாக அப்பூனை எத்தனையோ எலிகளைக் கொன்றது. அன்றெல்லாம் நம் இல்லத்தில் ஒருவரும் அழவில்லை. முதுகில் கோடுள்ள அழகிய அணில் இறந்தபோதுதான் அழுதோம். எலியும் ஐம்பொறி உடையது. அணிலும் ஐம்பொறி உடையது. இரண்டுக்கும் அச்சமும் நோவும் ஒன்றே. ஒன்றுக்கு இரங்கி மற்றொன்றுக்கு இரங்காத நெஞ்சம் அழகுக்கு இரங்கிற்றே அன்றி உயிருக்கு இரங்கவில்லை.

இடையில் புகுதல் அறமா?

பூனையின் வாயிலிருந்து இரையைப் பறிப்பது பூனையின் உணவைத் தடுக்கும் குற்றமாகாதா என்று சிலர் வினவலாம். இது புதிய வினா அன்று. சுவேதாம்பர மரபில் 1760-இல் தேராபந்தத்தைத் தொடங்கிய ஆசாரியர் பிக்ஷு அவர்கள், வலிமையால் ஒன்றைத் தடுத்து மற்றொன்றைக் காப்பது உலகியல் உதவியே என்றும், கொல்லும் உயிரின் உள்ளம் மாறுவதே ஆன்ம அறம் என்றும் கொண்டார். அக்கருத்தில் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. பூனையை அடக்கிவிட்டதனால் அறம் நிறைவுற்றது என்று நாம் செருக்குறலாகாது.

ஆயினும் இல்லறத்தானுக்கு உரிய நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஒன்று. அஞ்சி நடுங்கும் உயிருக்கு அடைக்கலம் அளித்தல் நம் கடமை. நாம் வளர்க்கும் பூனையால் நம் வீட்டினுள்ளேயே ஓர் உயிர் துடிக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பது நடுநிலை ஆகாது. அது சோர்வு. அச்சோர்வையே கொலையின் வேர் என்று நம் ஆசாரியர்கள் காட்டினர்.

எவ்வுயிரிடத்தும் நட்பு, குணத்தில் உயர்ந்தோரிடத்து உவகை, துன்புறுவோரிடத்துக் கருணை, அறிவுரை ஏலாதாரிடத்து நடுநிலை என நான்கு பாவனைகளை உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அருளியுள்ளார். அவை நம் தாழ்வாரத்திற்கே வழிகாட்டுகின்றன. துடிக்கும் அணிலிடத்துக் கருணை, அறிவுரை ஏலாத பூனையிடத்து வெகுளியற்ற நடுநிலை, இரண்டினிடத்தும் நட்பு. துடைப்பத்தை ஓங்கிய கை இரண்டாவதை மறந்தது. "பூனை என்றால் அப்படித்தான்" என்று திரும்பிப் படுக்கும் மனம் முதலாவதை மறந்தது.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திரை அடுத்துப் பறவைகளுக்கென்று அறமருத்துவமனை ஒன்று இயங்கிவருகின்றது. 1929-இல் தொடங்கப்பெற்றது அது. காயமுற்ற புறாவும் கிளியும் அங்கே உள்ளேயே தங்கவைத்துக் காக்கப்படுகின்றன. ஊன் உண்ணும் பறவைகளுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் அவற்றை உள்ளே தங்கவைப்பதில்லை, சிகிச்சை அளித்து அனுப்பிவிடுகின்றனர். வேட்டைப் பறவைக்கு வெறுப்பில்லை, ஆயினும் இரையாகும் பறவையின் பக்கத்தில் அதற்கு இடமில்லை. இரு சாராரையும் எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

செய்யத்தக்கன

பூனை உயிருடன் இரையைக் கொண்டுவந்தால், கூச்சலிடாதீர், துரத்தாதீர். துரத்தினால் பூனை பிடியை இறுக்கும். ஒருவர் பூனையை மெல்ல வேறு அறையில் அடைக்க வேண்டும். அணிலோ ஓணானோ காயமின்றி ஓடினால், உள்அறைக் கதவுகளைச் சாத்தி, வெளியே செல்லும் ஒரு வழியை மட்டும் திறந்துவைத்து விலகி நிற்க வேண்டும். குருவியாயின் விளக்கையும் விசிறியையும் நிறுத்தி, ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்தால் வெளிச்சத்தை நோக்கிப் பறந்துபோகும். மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைக் கூடையால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே கொண்டு செல்லலாம்.

காயமுற்றதாயின், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் மென்துணி விரித்து வைத்து, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். இரக்கத்தால் வாயில் நீர் ஊற்றலாகாது. மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கும். பூனையின் பல்லில் உள்ள நோய்க்கிருமிகளால், வெளியே சிறிய கீறலாகத் தோன்றுவதும் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலின் காயம் சிறிதென்று எண்ணாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நம் அணில் குஞ்சிற்கு நாம் அதனைச் செய்யவில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது. பாம்பாயின் அனைவரும் விலகி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும், கம்பை எடுக்கலாகாது. பூனையோ இரையோ நம்மைக் கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். வெறிநோய் பூனையாலும் வரும். பூனைக்கு அதற்கான தடுப்பூசி இடுதல் வளர்ப்பவர் கடமை.

வேட்டையைக் குறைக்கவும் வழியுண்டு. 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனைக்கு விளையாட்டுக் காட்டிய வீடுகளில், வீட்டிற்குக் கொண்டுவரப்பட்ட இரை 25 விழுக்காடு குறைந்தது. ஊன் மிகுந்த உணவளித்த வீடுகளில் 36 விழுக்காடு குறைந்தது என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. பின்னது நமக்கு உரிய வழியன்று. ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரின் ஊனை விலைக்கு வாங்குதல் எங்ஙனம் கொல்லாமையாகும்? முன்னதை எவரும் செய்யலாம். கயிற்றின் நுனியில் துணி உருண்டையைக் கட்டிக் குழந்தைகள் ஆட்டினால் போதும். கழுத்து மணியின் பயன் குறித்து ஆய்வாளர் ஒருமித்துக் கூறவில்லை. மணியை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது நம் இல்லங்களின் வழக்கம். அவ்வேளையிலேயே பூனைக்கும் உணவிட்டு உள்ளே அடைத்து, விடிந்து நன்கு வெளிச்சமான பின்னர் வெளியே விட்டால், வேட்கை மிகும் இரு பொழுதுகளும் கழிந்துவிடும்.

எலித் தொல்லைக்கு வழி பூனையன்று, காப்பு. மூடியுள்ள தகரக் கொள்கலத்தில் தானியத்தை வைத்தல், சுவர்ப் பொந்துகளைச் சிமெண்டால் அடைத்தல், சாக்கடை வாயில்களில் கம்பிவலை பொருத்துதல், இரவில் உணவுத் துணுக்குகளைச் சிதறவிடாமை ஆகிய இவையே நிலையான பயன் தரும். கூண்டில் அகப்பட்டதைக் காலம் தாழ்த்தாமல் ஊருக்குப் புறத்தே விட வேண்டும்; பட்டினி கிடந்து மாய விடலாகாது.

கைவிடலாகாது

இவற்றைப் படித்தவுடன், "பூனையே வேண்டா" என்று அதனைச் சாக்கில் கட்டி ஏரிக்கு அப்பால் விட்டுவர எவரேனும் எண்ணினால், அவர் ஒரு தீமையை நீக்க மற்றொரு தீமையைச் செய்தவராவார். பட்டினியால் துன்புறுமாறு விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். கட்டிவைத்து வருத்துதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகிய ஐந்தும் அகிம்சை அணுவிரதத்திற்கு இழுக்கு என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே பாடமாகக் கேட்டிருக்கின்றோம். அணிலுக்காகப் பூனையை அடிப்பதும், தண்டனையாகச் சோறு மறுப்பதும் அவ்விழுக்குகளே.

ஆகவே நம் துணிபு இது. ஊன் இன்றி வாழமாட்டாத உயிரை விரும்பித் தேடி வளர்க்கத் தொடங்காதீர். முன்பே வந்து சேர்ந்ததை, அடைக்கலமாக வந்ததைக் கைவிடாதீர். செயற்கை முறையில் ஆக்கப்பெறும் டாரின் சேர்த்த பயிருணவுகள் இக்காலத்தில் உள்ளன. ஆயினும் கால்நடை மருத்துவரைக் கலந்து, பூனையின் உடல்நலத்தை அவ்வப்போது சோதித்தே அவற்றைத் தர வேண்டும். கருத்தடை அறுவையை உறுப்புச் சிதைவு என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. குட்டிகள் பெருகித் தெருவில் மாய்வதையும், அவற்றுக்காகத் தாய் உயிருள்ள இரை தேடுவதையும் உடன் வைத்து எண்ணி, பெரியோரை உசாவித் தெளிக.

உயிர் பிரியும் வேளையில்

எவ்வளவு முயன்றும் இரை பிழைக்காமற் போகலாம். அப்போதும் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அந்தணர்களால் அடியுண்டு கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. எரியும் கட்டையினுள் வெந்த நாகங்கள் இரண்டுக்குப் பார்சுவநாதர் அருளிய அறமொழியே, அவை தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறக்க ஏதுவாயிற்று. இருவரும் அவ்வுடம்புகளைக் காக்கவில்லை. அவ்வுயிர்களின் இறுதி நொடியைக் காத்தனர். பாட்டியார் கூடையின் அருகில் அமர்ந்து செய்ததும் அதுவே. இறந்ததைக் குப்பையில் எறியாமல் மண்ணில் புதைத்து, அன்று மாலைச் சாமாயிகத்தில் நம் சோர்வை எண்ணி வருந்தி, ஒரு வேளை உணவைக் குறைத்தல் இல்லறத்தார்க்கு ஏற்ற கழுவாய்.

நம் இல்லத்தில் இப்போது நெல் தகரக் கொள்கலத்தில் இருக்கின்றது. பொந்துகள் அடைக்கப்பட்டன. பூனை இரவில் உள்ளே உறங்குகின்றது. மாலையில் சிறுமி அதற்குத் துணி உருண்டை ஆட்டுகின்றாள். அதன் பின்னும் ஒருமுறை ஒரு பல்லியைக் கொண்டுவந்தது. கூடையும் அட்டையும் அதனைக் காத்தன. முற்றிலும் வென்றோம் என்று கூறமாட்டோம். விழிப்புடன் இருக்கத் தொடங்கினோம் என்றே கூறுவோம்.

சிறுமியின் வினாவுக்கு அவள் பாட்டியாரே மறுநாள் விடை கூறினார்: "பூனையோட வினை பூனைக்கு, நம்ம வினை நமக்கும்மா. அதுக்குச் சொன்னால் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால நம்ம கணக்குதான் பெரிது." இதனினும் தெளிந்த விடையை நாம் அறியோம்.

அறிந்த உயிர்க்கே பொறுப்பு மிகுதி. அப்பொறுப்பை உணர்ந்து, கொல்லும் உயிரை வெறாமலும் கொல்லப்படும் உயிரைக் கைவிடாமலும் நடப்போமாக!

எல்லா உயிரும் இன்புறுக! வாழ்க ஜினதருமம்!